சாமுவேலின் அம்மா கேட்டது

அந்த அம்மாள் தரையில் விரலால் ஒரு சதுரம் போட்டாள்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. மண்ணில் ஈரம் இருந்தது. கோடு நன்றாக விழுந்தது. சதுரத்தைச் சுற்றி இன்னொரு பெரிய சதுரம் போட்டாள். பிறகு கோழிக்கூட்டின் பக்கம் கிடந்த ஒரு குச்சியை எடுத்து என் கையில் தந்தாள். அவள் பாஷையில் ஏதோ சொன்னாள்.

சுவிசேஷகர் ஜெபமணி அதை எனக்குச் சொன்னார். அவர் விளவங்கோட்டுக்காரர். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ஒடிசா மலையில் ஊழியம் செய்கிறார். பேச்சு மட்டும் மாறவில்லை.

"தங்கையா அண்ணே, உள்ள இருக்கது உங்க கோவிலாக்கும். வெளிய இருக்கது மதில். இதுல எனக்க மவன் எங்க கிடக்கான்னு ஒரு புள்ளி வச்சுக் காட்டச் சொல்லுதா."

சுற்றி ஊர்க்காரர்கள் முப்பது பேர் இருப்பார்கள். எங்கள் சபையிலிருந்து போன ஒன்பது பேரும் இருந்தோம். எல்லோரும் குச்சியைப் பார்த்தார்கள்.

நான் எங்கள் கோவிலின் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கிறவன். எந்த மூலையில் யார் கிடக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவள் மகன் அதில் இல்லை. அவனை உள்ளே விடாமல் கேட்டைச் சாத்தியவன் நான்தான்.

சபைச் செயலாளர் என் பின்னால் நின்றார். குனிந்து மெதுவாகச் சொன்னார். "ஏதாவது ஒரு மூலையில புள்ளி வையும் ஓய். அந்த அம்மைக்கு ஒரு சமாதானம் ஆகட்டு."

குச்சி ஈரமாக இருந்தது. பட்டை உரிந்து என் விரலில் ஒட்டியது.

கோவில் வேலை

என் வேலையைப் பற்றி முன்னாலும் கொஞ்சம் எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன்.

கேரள எல்லையில் கொல்லயில் பக்கம் எங்கள் வீடு. ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தேன். முழங்கால் போனது. அதன்பின் கோவிலில் வேலைக்கு எடுத்தார்கள். மணி அடிப்பது, கூட்டுவது, பெஞ்சு துடைப்பது, குழி வெட்ட ஆள் கூப்பிடுவது. கேட்டின் சாவி என்னிடம்தான்.

படித்தது நாலு வகுப்பு. பனச்சமூட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில். மலையாளம் கோவிலில் கேட்டுக் கேட்டு வந்தது. 

மனைவி லில்லி இறந்துபோய்ச் சில வருஷம் ஆகிறது. மகள் வெளிநாட்டில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்வாள். "அப்பா சாப்பிட்டியளா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது.

வீட்டில் ஒரு ஆளுக்குச் சோறு வைப்பது கஷ்டம். எப்படி வைத்தாலும் மிஞ்சும்.

பிடியரிசி

எங்கள் பக்கத்துச் சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும்போது அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட வேண்டும். அது மிஷனுக்கு. மாதம் ஒருமுறை பெண்கள் அதைக் கோவிலுக்குக் கொண்டுவருவார்கள்.

லில்லி அதை ஒருநாளும் விட்டதில்லை. வேலையில்லாத மழைக்காலத்தில் பானையில் மொத்தமே மூன்று பிடி அரிசி போகும். அப்போதும் ஒரு பிடி டப்பாவுக்குப் போகும்.

"எடீ, நமக்கே இல்ல," என்பேன்.

"நமக்கு மரச்சீனிக் கிழங்கு உண்டும். அவியளுக்கு அதும் இல்ல," என்பாள்.

அவியள் என்றால் யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தூரத்தில் ஒரு மலை. அங்கே எலும்பும் தோலுமாகச் சிலர். அப்படித்தான் மனதில் இருந்தது. நமக்குக் கீழே இன்னும் ஆள் உண்டு என்பதில் ஒரு தெம்பு இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் சின்ன வயதில் நாங்களே வாங்குகிற பக்கத்தில் இருந்தோம். கிறிஸ்துமஸுக்கு வெளிநாட்டிலிருந்து கோவிலுக்குத் துணிமூட்டை வரும். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். பாடி முடித்தால் துணி.

எனக்கு ஒருமுறை ஒரு கோட்டு கிடைத்தது. கம்பளிக் கோட்டு. பொத்தான்கள் அச்சுவெல்லம் அளவு. முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வேறு சட்டை இல்லாததால் அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போனேன். வேர்த்து ஊற்றும்.

"எலே சாயிப்பே, சீமையில குளிராலே?" என்று பயல்கள் கத்துவார்கள்.

அப்பாவிடம் போய், கோட்டு வேண்டாம் என்றேன். அவர் அடிக்கவில்லை. "தந்தவிய மனசு நோவப்பிடாது," என்றார். அவ்வளவுதான்.

பிறகு நான் தருகிற பக்கத்துக்கு வந்துவிட்டேன். கோட்டை மறந்தும் போனேன்.

பாயி

கோவிலுக்குத் தெற்கே சிமெண்டு கட்டை அறுக்கிற ஒரு சின்னக் கம்பெனி உண்டு. அதில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் வடக்கத்தி ஆட்கள். கோவில் மதிலை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகையில் தங்குவார்கள். ஒரு அறைக்கு எட்டுப் பேர். ஊரில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. எல்லோரும் பாயி. "பாயி இங்க வா. பாயி இத எடு." நானும் அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின வாரம். தோட்டத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆம்புலன்ஸ் கேட்டின் முன்னால் வந்து நின்றது.

இரண்டு பேர் இறங்கினார்கள். கம்பெனிப் பாயிகள். ஒருவன் மலையாளம் பேசினான்.

"சேட்டா, நம்ம ஆள் ஒருத்தன் மரிச்சுபோயி. எலிப்பனி. அவன் கிறிஸ்டியன். இவிடத்தன்னே பள்ளி."

பள்ளி என்றால் கோவில். எலிப்பனி என்றால் எலிக்காய்ச்சல். அழுக்குத் தண்ணீரில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு வரும். அவன் ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான்.

பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றும் தலையில் குடை பிடித்தது போல வளைந்து இருந்தது. அடியில் நீல முத்திரை. எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. ஏதோ சர்க்கார் காகிதம் என்று நினைத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

செயலாளருக்குப் போன் செய்தேன்.

"நம்ம சபையில பேரு உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல சாரே. பாயியாக்கும்."

"அவனுக்க சபையிலேருந்து எழுத்து உண்டா?"

ஒரு காகிதம் இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாசிக்கத் தெரியாத காகிதம் எனக்குக் காகிதமாகவே படவில்லை.

"இல்ல," என்றேன்.

"எழுத்து இல்லாம மண்ணு கொடுக்கப் பாடில்ல. நாளைக்கு ஆரும் வந்து கேப்பாவ. பாதிரி அச்சனும் ஊர்ல இல்ல. டவுணுக்குக் கொண்டுபோவச் சொல்லும்."

சட்டம் அதுதான். சபைப் புத்தகத்தில் பெயர் வேண்டும். அல்லது வந்த சபையிலிருந்து எழுத்து, அதாவது கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் தோட்டத்தில் இடம் இல்லை. நம்மூர் ஆட்களையே அப்படித் திருப்பி அனுப்பியது உண்டு.

அவர்களிடம் சொன்னேன். மலையாளம் தெரிந்தவன் அந்தக் காகிதத்தைத் திரும்பவும் நீட்டினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மற்றவன் குழாயில் தண்ணீர் குடித்தான். பிறகு ஏறிப் போய்விட்டார்கள். நகரத்தில் தகன மேடை உண்டு. எங்கள் ஊரிலிருந்து நெய்யாற்றின்கரை தாண்டி நெடுந்தூரம். அங்கே அந்த இரண்டு பேரும் நின்று எரித்தார்கள் என்று பிறகு கொட்டகையில் கேள்விப்பட்டேன்.

கேட்டைச் சாத்தினேன். மிச்சப் புல்லையும் அறுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அன்றைக்குச் சோறு நன்றாகவே இறங்கியது.

ரயில்

அடுத்த வருஷம் சபை மிஷன் பயணம் போனது. பிடியரிசியால் நாங்கள் தாங்குகிற ஊர் எப்படி இருக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும். பதினான்கு மூட்டைத் துணி சேர்ந்தது. சமையலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். வீட்டில் என்னைத் தேட ஆள் இல்லை. கிளம்பிவிட்டேன்.

இரண்டு நாள் ரயில். சாளைக் கருவாடு ஒரு பொட்டலம் கட்டி எடுத்திருந்தேன்.

"தங்கையா, அத இன்னொரு கவருல கெட்டும். வண்டி பூரா நாறுது," என்றார் செயலாளர்.

"மணக்குதுன்னு சொல்லும் சாரே. நாளைக்கு நீருதான் மொதல்ல தட்ட நீட்டுவீரு."

"நான் கருவாடு திங்கதில்ல, பிரஷராக்கும்."

"அப்போ மூக்கப் பொத்திக்கிடும்."

பெட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். ஜெயசீலி டீச்சர் மட்டும் ஜன்னலில் பார்த்துக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்றவர். பெண்கள் சங்கத்துத் தலைவி. துணி மூட்டைகள் எல்லாம் அவர் கட்டியவை. "நல்ல துணியா மட்டும் வச்சிருக்கேன் தங்கையா. கிழிஞ்சதக் கொண்டு கொடுக்கப்பிடாது," என்று இரண்டு தடவை சொன்னார்.

ஸ்டேஷனிலிருந்து ஜீப்பில் அரை நாள் மேலே ஏற வேண்டும்.

நான் எலும்பும் தோலும் எதிர்பார்த்துப் போனேன். மண் வீடுகள். சுவரில் அடியில் கறுப்பும் மேலே சிவப்புமாக மெழுகியிருந்தார்கள். தரையில் ஒரு தூசி இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் பயறு காய்ந்தது. ஆனால் இளைஞர்கள் கண்ணில் படவே இல்லை. கிழவர்கள், பெண்கள், பிள்ளைகள்.

"பாவங்க, எப்பிடித்தான் ஜீவிக்கினமோ," என்றார் டீச்சர்.

"பசங்க எல்லாம் எங்க?" என்று ஜெபமணியிடம் கேட்டேன்.

"எங்கயா? உங்க ஊர்லதான் அண்ணே," என்று சிரித்தார். "இஞ்ச கேரளத்துக்குப் போகாத வீடே இல்ல."

எனக்கு மதிலை ஒட்டிய கொட்டகை ஞாபகம் வந்தது. இந்த மெழுகிய வீட்டிலிருந்துதான் ஒருவன் அந்த எட்டுப் பேர் அறைக்கு வந்து படுக்கிறான். அதுவரை நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். அவர்கள் ஏதோ ஒரு குழியிலிருந்து ஏறி நம் ஊர் வெளிச்சத்துக்கு வருகிறார்கள் என்று.

அங்கே கஷ்டமில்லை என்று சொல்ல வரவில்லை. உண்டு. ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரம் நடக்க வேண்டும். பாதியில் பிரசவித்தவர்கள் உண்டு. பாதியில் செத்தவர்களும் உண்டு. மழைக்கு முந்தின இரண்டு மாதம் காட்டுக்கிழங்கு தோண்டித் தின்பார்களாம். அந்தப் பசி எனக்குத் தெரிந்த பசிதான்.

காகிதம்

இரண்டாம் நாள் சாயங்காலம். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். ஜெபமணி பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கேரளத்துக்குக் கிளம்புகிற ஒருவனுக்காக. எழுதி முடித்து நீல முத்திரை குத்தினார்.

எட்டிப் பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றும் குடை பிடித்திருந்தது.

"இது என்ன அய்யா?"

"எழுத்தாக்கும். இன்னார் மகன் இன்னான், எங்க சபையில ஞானஸ்நானம் எடுத்தவன், உங்க சபையில சேத்துக்கிடுங்கன்னு. போற பயக்க எல்லாருக்கும் ஒண்ணு கொடுத்து விடுவேன்."

"ஒரியாவுலயா?"

"பாரம் ஒரியாவுலதான் அச்சடிச்சிருக்கு. நம்ம ஆளுவ பாத்தா தெரியாதா? முத்திரை உண்டே."

நான் அடுப்பை ஊதினேன். புகை கண்ணில் ஏறியது.

"உங்க சபைக்குன்னே ஒருத்தன அனுப்பினேன் அண்ணே. சாமுவேல். நமக்கு அரிசி தாற சபை, போய்ப் பக்கத்துல இருன்னு நாந்தான் சொன்னேன். காய்ச்சல்ல போயிட்டான்னு காண்டிராக்டர் போன் போட்டான். கூட நின்ன பயக்க வேற ஊருக்குப் போயிட்டானுவ. எப்பிடி, என்னன்னு கேக்க ஆளில்ல. எழுத்து கையில இருந்ததுனால எனக்குக் கவலை இல்ல. நம்ம தோட்டத்துலதானே வச்சிருப்பிய."

நான் அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

செயலாளரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "சாரே, அன்னைக்கு கேட்டுல வந்தது நம்ம மிஷன் ஊர்க்காரனாக்கும். எழுத்தும் கொண்டுவந்தான். எனக்குத் தெரியாம போச்சு. உம்மகிட்ட இல்லன்னு சொன்னேன்."

அவர் சுற்றிலும் பார்த்தார். "இனி பறஞ்சு என்ன செய்ய? விடும்," என்றார். "சாரமில்ல. ஆருக்கும் தெரியாதே."

ஆனால் ஜெபமணி சந்தோஷத்தில் அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டார். உன் மகன் கிடக்கிற தோட்டத்தைப் பார்க்கிற ஆளே வந்திருக்கிறார் என்று. காலையில் நாங்கள் துணி கொடுக்க மூட்டையை அவிழ்க்கும் முன்னே அவள் வந்து உட்கார்ந்தாள். சதுரம் போட்டாள்.

குச்சி

புள்ளி வைப்பது ஒரு நொடி வேலை. மேற்கு மூலை, பலா மரத்தடி என்று சொன்னால் போதும். அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். செயலாளர் சொன்னதில் தப்பு இல்லை. அவர் கெட்டவர் இல்லை. லில்லி போனபோது மூன்று நாள் எனக்குக் கஞ்சி அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

ஆனால் நான் வைக்கிற புள்ளியை நம்பி அவள் இனி தினமும் அங்கே மனதை வைப்பாள். அங்கே வேறு ஒருவர் கிடக்கிறார். அது எனக்கு மட்டும் தெரியும். தினமும் நான் அதைக் கூட்ட வேண்டும்.

மதில் கோட்டில் ஒரு இடத்தில் குச்சியை வைத்தேன். "இது கேட்டு," என்றேன்.

ஜெபமணி சொன்னார். அவள் தலையாட்டினாள்.

"இதுவரைக்கும் வந்தான்."

அங்கிருந்து குச்சியை வெளியே இழுத்தேன். சதுரத்தை விட்டு வெளியே. குந்தி உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து இழுத்தேன். என் முழங்கால் வலித்தது. ஊர்க்காரர்கள் வழிவிட்டார்கள். கோழிக்கூடு வரை போயிற்று கோடு. அங்கே நிறுத்தினேன்.

"இங்க எரிச்சாவ," என்றேன்.

ஜெபமணி சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். "என்ன அண்ணே பேசுதிய?"

"குழி இல்ல. எழுத்து காட்டினானுவ. எனக்கு வாசிக்கத் தெரியல்ல. நான் கேட்டச் சாத்திட்டேன். அப்பிடியே சொல்லும். நாந்தான்னு சொல்லும்."

"தங்கையா!" என்றார் செயலாளர்.

"சொல்லும் அய்யா."

அவர் சொன்னார். அந்தப் பாஷையில் அது ரொம்ப நீளமாக இருந்தது.

அவள் அழவில்லை. கோட்டையே பார்த்தாள். கேட்டிலிருந்து கோழிக்கூடு வரை. பிறகு ஒன்று கேட்டாள்.

"எரிக்கும்போ கூட ஆரு நின்னான்னு கேக்கா."

"ரெண்டு பேரு. அவனுக்க கூட்டாளியள்."

அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

துணி கொடுத்தோம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரு பாட்டுப் பாடச் சொன்னார் டீச்சர். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அவள் வரிசைக்கு வரவில்லை. டீச்சர் அவளுக்கென்று ஒரு நல்ல புடவையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். சாயங்காலம் வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் நல்லதாத்தானே கெட்டிக் கொண்டுவந்தேன் தங்கையா," என்றார்.

"நல்லதுதான் டீச்சர்."

இல்லாதவர்களுக்குக் கொடுக்கப் போனோம். அவளுக்கு இல்லாமல் போனதில் ஒன்று எங்கள் கையில் இருந்தது. ஆறடி மண். கேட்டு வரை வந்து கேட்டார்கள். அதைத் தராமல், அதற்குப் பிறகும் மாதாமாதம் பிடியரிசி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

வறுமை என்றால் வயிறு என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். வயிறும்தான். ஆனால் செத்த மகனை எங்கே வைத்தார்கள் என்று பாஷை தெரியாத ஒருவனிடம் குச்சி கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறதே, அதற்கு எந்த மூட்டையில் என்ன இருக்கிறது?

என் இடம்

கிளம்புகிற அன்று அவள் வந்தாள். ஒரு மரச் சிலுவை கொண்டுவந்தாள். முழங்கை நீளம். குறுக்குக் கட்டையில் பெயர் சுட்டு எழுதியிருந்தது. மகன் செத்த சேதி வந்த வாரமே செய்து வைத்ததாம். எங்களிடம் கொடுத்தனுப்பத்தான் வைத்திருந்தாளாம். ஜீப்பில் என் மடியில் வைத்தாள்.

"அடியில ஒண்ணும் இல்லன்னாலும் நாட்டச் சொல்லுதா," என்றார் ஜெபமணி. "அவன் அங்க வந்தான்னு இருக்கட்டுன்னு."

என்னை மன்னித்தாளா என்று தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் அவளிடமிருந்து ஒன்றை வாங்குவது போலத்தான்.

ஊர் வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. சிலுவையை மேசை மேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசினார்கள். சடலம் அடக்காத இடத்தில் குருசு நாட்டச் சட்டம் இல்லை என்று முடிந்தது.

"எனக்க இடத்துல நாட்டட்டா?" என்று கேட்டேன்.

எங்கள் சபையில் புருஷன் பெண்டாட்டியில் ஒருவர் போனால், பக்கத்து இடத்தை மற்றவருக்கு எழுதி வைப்பார்கள். லில்லிக்கு வலது பக்கம் எனக்கு.

"அப்போ நீரு எங்க கிடப்பீரு?" என்றார் ஒருவர்.

"நான் வரும்போ நீங்க பாத்துக்கிடுங்க. நான் சண்டைக்கு வரமாட்டேன்."

ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிக்கிடட்டா? பெறவு மாத்தப் பாடில்ல," என்றார்.

"எழுதும் சாரே."

தோட்டத்துப் புத்தகத்தில் என் பெயரை வெட்டினார். மேலே சாமுவேல் என்று எழுதினார். அவன் ஊர்ப் பெயர் நீளம். அந்தக் கட்டத்தில் அடங்கவில்லை. ஓரத்தில் ஏற்றி எழுதினார்.

திங்கட்கிழமை மத்தியானம் நாட்டினேன். கூட யாரும் இல்லை. மண்ணை மிதித்துவிட்டு ஜெபமணிக்குப் போன் போட்டேன். அவர் அந்த அம்மாளின் வீட்டுக்கு நடந்து போய்த் திரும்பக் கூப்பிட்டார்.

"நாட்டியாச்சு," என்றேன். "பக்கத்துல எனக்க வீட்டுக்காரி உண்டு."

அவர் சொன்னார். அவள் குரல் கேட்டது.

"அங்க ஆரெல்லாம் வருவாவன்னு கேக்கா."

"ஆரும் வரமாட்டாவ. நான் உண்டு."

திரும்ப அவள் குரல்.

"என்ன சொல்லுதா?"

"அது... உங்களுக்கு ஆரு உண்டுன்னு கேக்கா அண்ணே."

ரோட்டில் ஒரு பஸ் போனது. அது போய் முடிகிற வரை நின்றேன். மகளைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வேறு வந்தது.

"லில்லின்னு சொல்லும்," என்றேன்.

அவர் சொன்னார். அந்தப் பக்கம் அவள் அந்தப் பெயரை மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். லில்லி போன பிறகு இன்னொரு வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அன்றுதான்.